எழுபது கொண்டை ஊசி தாண்டிய கேமிங் பெட்டி

காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கும் பாதை எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேல்தளத்துக்குப் போகிறது. செம்மேட்டில் வண்டியை விட்டு இறங்கும்போது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் கூடியிருக்கும். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது வானிலைக்காரர்களின் கணக்கு. சுற்றுலா வருபவருக்கு இது ஸ்வெட்டர் எடுத்து வருவதா வேண்டாமா என்ற சங்கதி. வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கோ இது பெரிய வரவு. சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ மே மாத மதியத்தில் ஏசி போட்டுத்தான் அடையக்கூடிய குளிர்ச்சியை மலை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் மலை இன்னொரு கையால் ஒன்றைத் திருப்பியும் கேட்கிறது. கீழே கடைவீதியில் இருக்கும் வீட்டில் லாரி ஹாரன், மிக்ஸி, தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி என்று எப்போதும் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும்; கம்ப்யூட்டர் ஃபேனின் உறுமல் அதில் கரைந்துபோகும். மலைமேல் வளவந்திநாட்டுப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் அப்படி எந்த இரைச்சலும் கிடையாது. மின்விசிறிகூடப் பல மாதங்களுக்குத் தேவைப்படாது. அந்த அமைதியில் பெட்டிக்குள் ஓடும் மூன்று ஃபேன்களின் சத்தம் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும். ஆக, மலை தரும் ஆறு டிகிரியை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பெட்டியை இன்னும் குளிர்விக்கவும் செய்யலாம். குளிர்ச்சியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அமைதியை வாங்கவும் செய்யலாம். இரண்டாவதுதான் புத்திசாலித்தனம். ஐந்து டிகிரி குறைந்ததற்காக விளையாட்டு வேகமாக ஓடிவிடாது. சத்தம் குறைந்தால் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் வெப்பத்தின் கணக்கு. கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் முடிகிறது. நடுத்தர விலையில் ஒரு கேமிங் பெட்டியை எடுத்துக்கொள்வோம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டுக்கு 200 வாட். பிராசசர், ரேம், மதர்போர்டு எல்லாம் சேர்த்து இன்னொரு நூறு. விளையாடும் நேரம் முழுக்க 300 வாட் வெப்பம் ஒரு சின்னப் பெட்டிக்குள் பிறந்துகொண்டே இருக்கிறது. பெட்டிக்குள் நுழையும் காற்று வெளியேறும்போது பத்து டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், நொடிக்குச் சுமார் 25 லிட்டர் காற்று உள்ளே போய் வெளியே வர வேண்டும். ஃபேன் அட்டைகளில் அச்சடிக்கும் கணக்கில் சொன்னால் 53 சிஎஃப்எம்.

நல்ல 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றே அந்த அளவு காற்றைத் தள்ளும் என்று அதன் அட்டை சொல்லும். அது எதிரில் ஒரு தடையும் இல்லாத வெட்டவெளியில் அளந்த கணக்கு. பெட்டிக்குள் தூசி வடிகட்டி, முன்பக்க மூடி, ஹீட் சிங்க் தகடுகள், கேபிள் சிக்கல் என்று வழியெல்லாம் தடை. போட்டிருக்கும் கணக்கில் பாதி கிடைத்தாலே லாபம். ஃபேன் வாங்கும்போது எண்ணிக்கையைப் பார்ப்பதைவிடக் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

காற்றுக்கு வழி வகுப்பதை நாமக்கல் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டைக்குப் பேர்போன இந்த மாவட்டத்தில் கோழிக்கொட்டகைகளின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கும்படி கட்டுவார்கள். வெயில் பக்கவாட்டில் நுழையக் கூடாது என்பது கணக்கு. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று குறுக்கே ஓடும். இப்போது வரும் மூடிய கொட்டகைகளில் ஒரு கோடியில் நனைந்த அட்டைத் திரைகள், மறுகோடியில் ஆள் உயர எக்ஸாஸ்ட் ஃபேன்கள். ஃபேன்கள் இழுக்க, ஈரத் திரை வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்து கொட்டகையின் நீளம் முழுக்க ஓடி மறுபக்கம் வெளியேறுகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபேன்களுக்குப் பக்கத்தில் பக்கச் சுவரில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டால் போதும். காற்று சுலபமான அந்தக் குறுக்குவழியில் புகுந்து உடனே வெளியேறிவிடும். ஃபேன் எல்லாம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அந்தக் காற்று தொடாத பகுதியில் இருக்கும் கோழிகள் வாயைப் பிளந்து இரைக்கும்.

கேமிங் பெட்டியில் அதே தவறு தினமும் நடக்கிறது. முன்பக்கம் உள்ளிழுக்கும் ஃபேன்கள், பின்பக்கம் வெளியேற்றும் ஃபேன் என்பது அடிப்படை. மேலே இரண்டு மூன்று ஃபேன் மாட்ட இடம் இருப்பதைப் பார்த்ததும் எல்லா இடத்தையும் நிரப்பிவிடத் தோன்றும். மேல்பக்கத்தில் முன்னால் இருக்கும் இடத்தில் வெளியேற்றும் ஃபேனை மாட்டினால், முன்பக்கத்து மேல் ஃபேன் உள்ளே இழுத்த புதுக்காற்றை அது பிராசசர் கூலரைத் தொடுவதற்கு முன்பே மேலே இழுத்து வெளியே கொட்டிவிடும். மேலே ஃபேன் வேண்டும் என்றால் பின்பக்கத்தை ஒட்டி ஒன்று போதும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற எளிய அமைப்பே பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளுக்கு நிறைவாக இருக்கும். சூடான காற்று தானாக மேலே ஏறும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தையும் இங்கே அதிகம் நம்ப வேண்டாம். மெதுவாக ஓடும் ஃபேன்கூட அந்த இயல்பான ஏற்றத்தை எளிதில் திசைமாற்றிவிடும்.

எந்த ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதிலும் பலருக்குக் குழப்பம். பெரும்பாலான ஃபேன்களில், இறக்கைகள் திறந்து தெரியும் பக்கம் காற்றை இழுக்கும்; மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம் வெளியே தள்ளும். சில ஃபேன்களின் சட்டத்தில் அம்புக்குறியே இருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் ஊதுபத்தி இருக்கிறது. ஒன்றைக் கொளுத்தி, பெட்டியின் முன்பக்கம், பின்பக்கம், மேலே என்று ஓர் அங்குலத் தூரத்தில் நகர்த்திப் பார்த்தால் புகை எங்கே உள்ளே போகிறது, எங்கே விரட்டப்படுகிறது, எங்கே சுழன்று தங்குகிறது என்று தெரிந்துவிடும். சாம்பல் மட்டும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி வாங்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டுகள் ஒரு மோகமாக வந்தன. உள்ளே மூன்று ஃபேன்கள் வண்ண வண்ணமாக மினுங்கும். காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல் அகலச் சந்துதான் இருக்கும். பார்க்க அழகு, ஓட விட்டால் அடுப்பு. பிறகு சல்லடை முகப்பு கொண்ட கேபினெட்டுகள் மறுபடி தலையெடுத்தன. கடையில் பார்க்கும்போது முன்மூடியின் மேல் கையை வைத்து, விரல் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் புகாத மூடியில் காற்று எளிதில் புகாது. ஃபேன் மின்னுவதற்குத் தரும் பணத்தைச் சல்லடைக்குத் தருவது மேல்.

குளிர்ச்சிக்கும் அமைதிக்கும் நடுவிலான இந்தத் தகராறு கம்ப்யூட்டர் தொழில் அளவுக்கே பழையது. 1980இல் வந்த ஆப்பிள் 3 கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தமே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். வெப்பத்தைக் கடத்திவிட கனமான அலுமினிய உடல் போதும் என்று எண்ணினார்கள். இயந்திரங்கள் அடிக்கடி மக்கர் செய்தன. உள்ளே சிப்கள் சாக்கெட்டிலிருந்து நெகிழ்வதாகப் புகார்கள் வந்தன. பெட்டியைச் சில அங்குலம் தூக்கி மேசையில் போட்டால் சிப்கள் திரும்ப உட்கார்ந்துவிடும் என்று நிறுவனத் தரப்பிலேயே யோசனை சொன்ன கதை இன்றைக்கும் தொழிலில் உலவுகிறது. அதே நிறுவனம் 2003இல் பவர் மேக் ஜி5 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குள் ஒன்பது ஃபேன்கள். உட்புறத்தை நான்கு தனி மண்டலங்களாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான காற்றை மட்டும் தேவையான வேகத்தில் ஓட்டினார்கள். ஃபேன் வேண்டாம் என்று அடம்பிடித்த பெட்டி சூட்டில் தவித்தது. ஒன்பது ஃபேன் போட்ட பெட்டி அமைதிக்காகப் பாராட்டப்பட்டது.

இன்டெல்லும் தடுமாறாமல் இல்லை. இன்றுவரை மதர்போர்டுகள் பின்பற்றும் ஏடிஎக்ஸ் அமைப்பு 1995இல் வந்தபோது, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பிராசசர் மேல் ஊத வேண்டும் என்பது திட்டம். எஸ்எம்பிஎஸ் தானே சூடாகும் பொருள், அது ஊதுவது வெந்த காற்று. அந்தத் திட்டம் பின்னால் மாறிவிட்டது. 2004இல் முன்பக்கத்துப் புதுக்காற்று நேராகப் பிராசசரை அடைந்து, பிறகு மற்ற பாகங்களைத் தடவிக்கொண்டு பின்னால் போகும்படி பிடிஎக்ஸ் என்ற புதிய அமைப்பையே வடிவமைத்தார்கள். காற்றோட்டத்துக்காகவே பிறந்த மதர்போர்டு அது. இரண்டு ஆண்டுக்குள் குறைந்த சூட்டில் ஓடும் பிராசசர்கள் வந்துவிட, பிடிஎக்ஸைக் கைவிட்டார்கள். அதனால்தான் பெட்டிக்குள் காற்றை வழிநடத்தும் பொறுப்பு இன்றும் வாங்குபவர் தலையிலேயே இருக்கிறது.

இனி சத்தம். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். இந்த ஏற்றத்தாழ்வுதான் அமைதியை விரும்புபவரின் மூலதனம். நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும் இரண்டு ஃபேன் தரும் காற்றை, தடை அதிகம் இல்லாவிட்டால், 800 சுற்று ஓடும் மூன்று ஃபேன் தந்துவிடும். ஒரு ஃபேன் கூடியதால் சத்தம் இரண்டு டெசிபலுக்குள் ஏறும். வேகம் குறைந்ததால் ஒன்பது டெசிபல் வரை இறங்கும். மொத்தத்தில் ஏழு டெசிபல் லாபம். 120க்குப் பதில் 140 மில்லிமீட்டர் ஃபேன் போட முடிந்தால் இன்னும் மெதுவாக ஓடி அதே வேலையைச் செய்யும்.

அதற்கு முதலில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி வேண்டும். விலை குறைந்த கேபினெட்டுகளோடு வரும் மின்னும் ஃபேன்கள் பலவும் எஸ்எம்பிஎஸ்ஸின் நாலு முள் மோலெக்ஸ் இணைப்பில் நேரடியாகச் சொருகப்பட்டிருக்கும். அவை விளையாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும். மதர்போர்டில் சொருகும் ஃபேன்களில் இரண்டு வகை: மூன்று துளை, நான்கு துளை. நான்கு துளை உள்ளது பிடபிள்யூஎம் என்ற முறையில் வேகம் மாற்றும். மூன்று துளை உள்ளதற்கு மின்னழுத்தத்தைக் குறைத்தால்தான் வேகம் குறையும். மூன்று துளை ஃபேனை மாட்டிவிட்டு, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் பிடபிள்யூஎம் என்று விட்டுவிட்டால் அது முழு வேகத்தில் ஓடும். 'ஃபேன் மோசம்' என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அந்த ஒரு அமைப்பைப் பார்த்துவிடலாம்.

காதை உறுத்துவது பெரும்பாலும் சத்தத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம். பிராசசரின் வெப்பநிலை நொடிக்கு நொடி துள்ளும். ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே பத்து டிகிரி ஏறி இறங்கும். ஃபேனும் கூடவே சீறி அடங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும். பயாஸில் வேகம் கூடச் சில நொடி, குறையச் சில நொடி தாமதம் வைக்கலாம். கேபினெட் ஃபேன்களைப் பிராசசரோடு பிணைக்காமல் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையோடு பிணைப்பது இன்னும் பொருத்தம். விளையாடும்போது அதிக வெப்பம் தருவது அதுதான், அதன் வெப்பநிலை நிதானமாக ஏறி இறங்கும். பல மதர்போர்டுகளின் பயாஸ் இதைச் செய்யாது. 'ஃபேன் கன்ட்ரோல்' என்ற இலவச விண்டோஸ் மென்பொருள் செய்யும். எழுபது, எழுபத்தைந்து டிகிரியைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைப் பிராசசர்கள் பலவும் 95 டிகிரி வரை ஓடும்படியே செய்யப்பட்டவை.

மலைக்குத் திரும்புவோம். உயரம் கூடினால் காற்று குளிர்வது மட்டுமல்ல, மெலிகிறது. செம்மேட்டில் காற்றழுத்தம் அடிவாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்ச்சி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டினாலும், அதே வேகத்தில் ஓடும் அதே ஃபேன் அங்கே எட்டு ஒன்பது சதவீதம் எடை குறைந்த காற்றைத்தான் தள்ளும். வெப்பத்தைச் சுமப்பது காற்றின் எடைதானே தவிர கன அளவு அல்ல. டேட்டா சென்டர்களுக்கு வெப்பநிலை வரம்பு வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே இதற்கு ஒரு தள்ளுபடி வைத்திருக்கிறது: வழக்கமான சர்வர் வகைகளுக்கு 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் அனுமதிக்கும் அறை வெப்பநிலையில் ஒரு டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குப்படி கொல்லிமலையின் மேல்தளத்துக்கு ஒரு டிகிரி, அதிகம் போனால் ஒன்றரை. ஆறு டிகிரி வரவில் ஒன்றரை டிகிரி செலவு. லடாக்கில் கடை விரித்தால் இந்தக் கணக்கு பயமுறுத்தும், கொல்லிமலையில் மறந்துவிடலாம்.

மறக்க முடியாதவை வேறு. மழைக்கால மாலையில் விளக்கைத் தேடி ஈசல் வரும். கண்ணாடிப் பக்கம் வழியாக வண்ண விளக்கு வீசும் பெட்டி அவற்றுக்கு நல்ல அழைப்பு. பல்லிக்கு எஸ்எம்பிஎஸ்ஸின் வெதுவெதுப்பு பிடிக்கும். அது உள்ளே புகுந்து செத்தால் எஸ்எம்பிஎஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போகும். இதற்கும் தூசிக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடு: உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது பெட்டிக்குள் அழுத்தம் சற்று மிகுந்து, சந்து பொந்துகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும். தூசியும் வடிகட்டி வழியாக மட்டுமே நுழைய முயலும். வெளியேற்றும் ஃபேன்கள் வலுவாக இருந்தால் நேர்மாறு: ஒவ்வொரு ஓட்டையும் வாயைத் திறந்து தூசியை உறிஞ்சும். காலியாக இருக்கும் பின்பக்கத் தகடுகளின் இடைவெளிகளை மூடி வைத்தால் பல்லிக்கும் வழி இல்லை. வடிகட்டியை மாதம் ஒருமுறையாவது தட்டிக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு ஒருநாள் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

பனிமூட்டத்தைப் பற்றிய பயம் அளவுக்கு மீறியது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி சுற்றுக்காற்றைவிட எப்போதும் சூடாக இருப்பதால் உள்ளே ஈரம் படியாது. வாரக்கணக்கில் தொடாமல் கிடக்கும் பெட்டிக்குத்தான் ஆபத்து.

பெட்டியை வைக்கும் இடத்தில்தான் நம் ஊர் வழக்கம் காலை வாரும். பழைய கம்ப்யூட்டர் மேசைகளில் சிபியு வைக்க என்று பக்கவாட்டில் ஓர் அறை இருக்கும், பின்பக்கம் பலகை. வெளியே தள்ளிய சூடான காற்று பலகையில் மோதி முன்பக்கமே திரும்பி வந்து மறுபடி உள்ளே போகும். எத்தனை ஃபேன் போட்டாலும் இந்தச் சுழற்சியை உடைக்க முடியாது. பின்பலகையை அறுத்து எடுப்பதுதான் மலிவான மருந்து. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அடியில் எஸ்எம்பிஎஸ் மூச்சுவிட உயரமான கால்கள் அல்லது இரண்டு மரக்கட்டைகள் போதும். தூசி படக் கூடாது என்று போர்த்தும் துணி உறையை, ஓடும்போது எடுத்துவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். சர்வீஸ் கடைக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

நாமக்கல்லிலோ சேலத்திலோ அசெம்பிள் செய்து மேலே கொண்டுபோகும் பெட்டிக்கு எழுபது வளைவுகளும் ஒரு சோதனை. பெரிய பிராசசர் கூலர் ஒரு கிலோ எடை வரை போகும்; கனமான கிராபிக்ஸ் கார்டும் அதே ரகம். நிமிர்த்தி வைத்த பெட்டியில் இவை மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் அந்த எடை ஸ்லாட்டை நெம்பும். கார்டைக் கழற்றித் தனி அட்டைப்பெட்டியில் வைத்து, கேபினெட்டை மதர்போர்டு கீழே கிடக்கும்படி படுக்க வைத்துக் கொண்டுபோவது நல்லது.

மேலே ஏற்றியதும் தாராளமாக ஓட விடலாம். கீழிருந்து வந்த பெட்டி மலைக்காற்றைவிடச் சூடாகத்தான் இருக்கும். இறக்கும்போதுதான் கவனம். மார்கழிக் காலையில் குளிர்ந்து கிடந்த பெட்டியை அடிவாரத்து ஈரக்காற்றில் திறந்தால், ஐஸ் தண்ணீர் செம்பின் மேல் போல உலோகத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரம் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு ஸ்விட்சைப் போடலாம்.